சங்கத்தின் பழைய கோப்பைத் தேடுகிறீர்களா? மூன்று கட்டளைகள் கைகொடுக்கும்

ஆயர் ஈத்தாம் – பதிவுபெற்ற சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம். ஆயர் ஈத்தாமில் ஆலய நிர்வாகமானாலும் சமூக நலச் சங்கமானாலும், புதிய செயலாளரின் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பழைய மடிக்கணினியும் அதில் குவிந்து கிடக்கும் கோப்புகளும்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் நாள் போய்விடும்.

இதற்கு யூனிக்ஸ் கட்டளைகள் உதவும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் உருவான யூனிக்ஸின் வழிவந்தவை லினக்ஸ், மேக் கணினிகள். அவற்றில் 'டெர்மினல்' செயலியைத் திறந்தால் போதும். விண்டோஸ் பயனர்கள் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவிக்கொள்ளலாம். 'சிடி' கட்டளையால் தேட வேண்டிய கோப்புறைக்குள் முதலில் செல்லுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்யவும்.

எல்எஸ் – பட்டியலிட
'எல்எஸ் -எல்டி' என்று கொடுத்தால், கடைசியாக மாற்றப்பட்ட கோப்பு முதலில் வரும். அளவும் தேதியும் பக்கத்திலேயே இருக்கும்.

ஃபைண்ட் – பெயரைத் தேட
'ஃபைண்ட் . -ஐநேம் "*மினிட்*"' என்பது உள்கோப்புறைகள் வரை சென்று, பெயரில் 'மினிட்' உள்ள எல்லாவற்றையும் காட்டும். புள்ளி என்றால் 'இந்த இடத்திலிருந்து'. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற கவலை இல்லை.

கிரெப் – உள்ளே தேட
பெயர் மறந்துவிட்டதா? 'கிரெப் -ஆர்எல் "தணிக்கை" .' என்று கொடுங்கள். அந்தச் சொல் உள்ள கோப்புகளின் பெயர்கள் வரும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். கிரெப் எளிய உரைக் கோப்புகளுக்கே ஏற்றது. வேர்ட், பிடிஎஃப் கோப்புகள் சுருக்கப்பட்டிருப்பதால் உள்ளே இருக்கும் சொல் அதற்குத் தெரியாது. அவற்றைப் பெயரால்தான் தேட வேண்டும். அடுத்து, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழும் அகப்படாது. முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

மேலே சொன்னபடி பயன்படுத்தினால் எந்தக் கோப்பும் மாறாது, அழியாது. ஆனால் ஃபைண்டுடன் 'டெலிட்' என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். கிடைத்ததை எல்லாம் அழித்துவிடும், குப்பைத்தொட்டியிலும் இருக்காது.

இனி வரும் கோப்புகளுக்கு '2024-03-17-மினிட்' என ஆண்டை முன்வைத்துப் பெயரிடுங்கள். வெறும் 'எல்எஸ்' கொடுத்தாலே தேதி வரிசையில் வந்து நிற்கும். அடுத்த செயலாளர் நன்றி சொல்வார்.