பிளாரன்ஸ் கெல்லியும் வேலை நேரச் சட்டங்களும்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின் வந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கா உழவு நாடு என்ற நிலையிலிருந்து உலகின் முதன்மையான தொழில் நாடாக மாறியது. அந்த மாற்றத்தின் பாரம் யார் தோளில் விழுந்தது என்பதை 1900-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓரளவு காட்டுகிறது: 10 முதல் 15 வயது வரையிலான சிறுவர் சிறுமியரில் ஏறத்தாழ 17.5 லட்சம் பேர் கூலி வேலையில் இருந்தனர். இந்நிலைக்கு எதிராக 1890-களிலிருந்து முதல் உலகப் போர் வரை எழுந்த பலவகை இயக்கங்களின் காலத்தை வரலாற்றாசிரியர்கள் ‘முற்போக்குக் காலம்’ என்கின்றனர். பெண்களுக்கு வாக்குரிமை, மதுவிலக்கு, பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்துதல் எனப் பல கோரிக்கைகள் அக்காலத்தில் எழுந்தன. அவற்றுள் நெடுநேர வேலைக்கும் குழந்தை உழைப்புக்கும் எதிரான போராட்டத்தில்தான், நேரில் சென்று திரட்டிய செய்திகளைக் கொண்டு சட்டத்தை அசைக்க முடியும் என்ற புதிய வழிமுறை மிகத் தெளிவாக உருப்பெற்றது.

அவ்வழிமுறையை வகுத்தவர்களுள் முதலிடம் பெறத் தக்கவர் பிளாரன்ஸ் கெல்லி. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகளாக 1859-இல் பிலடெல்பியாவில் பிறந்து, சூரிச்சில் படித்தபோது சோசலிசக் கருத்துகளை ஏற்று, இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலை பற்றிய எங்கெல்சின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவர், 1891-இன் இறுதியில் தம் மூன்று குழந்தைகளுடன் சிகாகோவின் ஹல் ஹவுசுக்கு வந்து சேர்ந்தார். ஜேன் ஆடம்சும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் தொடங்கிய அவ்வில்லம், படித்த நடுத்தர வகுப்பினர் ஏழைக் குடியேறிகளின் தெருவிலேயே குடியிருந்து அவர்களோடு இணைந்து பணியாற்றும் ‘குடியமர்வு இல்லம்’ என்னும் வகையைச் சேர்ந்தது.

ஹல் ஹவுசைச் சுற்றிய தெருக்களில் ஆயத்த ஆடைத் தொழில் வீடுகளுக்குள்ளேயே நடந்தது. நிறுவனங்கள் வெட்டிக் கொடுத்த துணியை ஒப்பந்தக்காரர்கள் வாங்கிச் சென்று, நெரிசலான வாடகை வீடுகளில் துண்டுக் கூலிக்குத் தைக்கக் கொடுத்தனர். ஒப்பந்தக்காரரின் இலாபம் தைப்பவரின் கூலியைக் குறைப்பதிலிருந்தே வந்தது. மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்துக்காகக் கெல்லி இவ்வீடுகளை ஆராய்ந்து தந்த செய்திகள் 1893-இல் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைச் சட்டத்துக்கு அடிப்படையாயின. அச்சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை உற்பத்தித் தொழிலில் அமர்த்துவதைத் தடுத்தது. பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணியாக வரையறுத்தது. ஆளுநர் ஆல்ட்கெல்டு கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்த்தினார். 1894-இல் சிகாகோவில் பெரியம்மை பரவியபோது, நோயாளிகள் கிடந்த வீடுகளிலேயே ஆடைகள் தைக்கப்பட்டுக் கடைகளுக்குச் சென்றதை அவர் அம்பலப்படுத்தினார். சட்டத்தை மீறியோர்மீது வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர் முன்வராததைக் கண்டு, பதவியில் இருந்தபடியே சட்டம் படித்துப் பட்டமும் பெற்றார். ஆனால் 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேர விதியைச் செல்லாது என்றது. ஆளுநர் மாறியதும் 1897-இல் அவரும் பதவியிழந்தார்.

இத்தகைய சட்டங்களைத் தள்ள நீதிமன்றங்கள் முன்வைத்த கோட்பாடு ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ எனப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமையைக் காக்க 1868-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம், உரிய சட்ட முறையின்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது. தம் உழைப்பை எத்தனை மணி நேரத்துக்கு விற்பது என்பதும் அச்சுதந்திரத்தில் அடங்கும் என நீதிபதிகள் விளக்கினர். ரொட்டிச் சூளைத் தொழிலாளர்களின் வேலையை வாரத்துக்கு 60 மணிக்குள் அடக்கிய நியூயார்க் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல் இவ்வாறே ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தள்ளியது. பசிக்கு அஞ்சி ஒப்புக்கொள்பவரையும் ஆலை உடைமையாளரையும் சமநிலையில் பேரம் பேசுவோராகக் கருதிய இத்தீர்ப்பு, தொழிலாளர் வாழ்வை அறவே காண மறுத்த தீர்ப்பாகும்.

1899 முதல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச் செயலாளராக இருந்த கெல்லி, சட்டத்தை மதித்து, 16 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்தாத ஆலைகளின் ஆடைகளுக்கு வெள்ளை முத்திரைச் சீட்டு வழங்கும் முறையை நடத்திவந்தார். பெண்களின் வேலையை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குள் அடக்கிய ஆரகன் மாநிலச் சட்டத்தை ஒரு சலவைக்கூட உரிமையாளர் எதிர்த்து வழக்காடியபோது, கழகம் லூயி பிராண்டைஸ் என்ற வழக்கறிஞரை நாடியது. கழகத்தைச் சேர்ந்த ஜோசபின் கோல்டுமார்க்கும் துணைவர்களும் ஆய்வாளர் அறிக்கைகளையும் மருத்துவக் கருத்துகளையும் ஐரோப்பியச் சட்டங்களையும் தேடித் தொகுத்தனர். நூறு பக்கங்களைத் தாண்டிய வாதவுரையில் சட்ட வாதம் சில பக்கங்களே. எஞ்சியவை நெடுநேர உழைப்பு உடலுக்குச் செய்யும் கேடு பற்றிய சான்றுகள். 1908-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தை ஏற்றது. ஆயினும் பெண் உடலால் நலிந்தவள், தாயாக வேண்டியவள் என்ற அடிப்படையில் பெற்ற வெற்றி அது. பின்னாளில் பெண்களுக்குச் சில வேலைகளை மறுக்கவும் அதே காரணம் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

குழந்தை உழைப்பு பற்றிய போராட்டம் இன்னும் நீண்டது. 1904-இல் அமைந்த தேசியக் குழந்தை உழைப்புக் குழு, 1908-இல் லூயிஸ் ஹைன் என்ற ஒளிப்படக்காரரைப் பணியில் அமர்த்தியது. நூற்பாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வெவ்வேறு வேடங்களில் நுழைந்து அவர் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்தும் ஆலைகளின் சரக்கு மாநில எல்லையைக் கடக்கலாகாது என 1916-இல் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. வட கரோலினாவின் பருத்தி ஆலையொன்றில் வேலை செய்த இரு சிறுவர்களின் தந்தை தொடுத்த வழக்கில், உற்பத்தி வணிகமாகாது என்றும் அது மாநிலங்களின் அதிகாரம் என்றும் கூறி உச்ச நீதிமன்றம் 1918-இல் அச்சட்டத்தை நீக்கியது. வரி விதித்துத் தடுக்க முயன்ற அடுத்த சட்டமும் 1922-இல் வீழ்ந்தது. 1924-இல் நாடாளுமன்றம் அனுப்பிய அரசியல் சட்டத் திருத்தத்தைப் போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை. கெல்லி 1932-இல் மறைந்தபோது நாடு முழுமைக்குமான தடை எதுவும் இல்லை.

நியூயார்க் நுகர்வோர் கழகத்தில் பணியாற்றியவரும், 1911-இல் 146 பேரைப் பலிகொண்ட டிரையாங்கிள் ஆடையாலைத் தீயை நேரில் கண்டவருமான பிரான்சிஸ் பெர்கின்ஸ், 1933-இல் தொழிலாளர் துறை அமைச்சரானார். அவர் காலத்தில், 1938-இல், நிறைவேறிய நியாயத் தொழில் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் வகுத்து, 16 வயதுக்கு உட்பட்டோரின் ஆலை வேலையைத் தடுத்தது. 1941-இல் உச்ச நீதிமன்றம் 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டு இதனை ஏற்றது. ஆனால் தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் செய்துவந்த வயல் வேலையையும் வீட்டு வேலையையும் அச்சட்டத்தின் கூலி, நேரப் பாதுகாப்பு எட்டவில்லை. வீட்டுப் பணியாளர் பலருக்கு 1974-இல்தான் அப்பாதுகாப்பு கிடைத்தது. பெற்றோர் இசைந்தால் பள்ளி நேரத்துக்குப் புறம்பே 12 வயதுச் சிறுவரும் பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்ய மத்தியச் சட்டம் இன்றும் இடந்தருகிறது.