பூட்டிய பெட்டகத்துள் துப்பாக்கி துருப்பிடிப்பது ஏன்?

இங்கிலாந்தில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்போர் அதை எஃகுப் பெட்டகத்தில் பூட்டுவதோடு நில்லாமல், பெட்டகத்தையே செங்கற்சுவரோடு போல்ட்டுகளால் பிணைத்துவிடுவதற்குக் காரணம், பிணைக்கப்படாத பெட்டகத்தைக் கள்வர் சாய்த்துக் கடப்பாரையால் நெம்பவோ, அப்படியே தூக்கிச் செல்லவோ கூடும் என்பதாகும்.

ஆயினும், கள்வரினும் சூட்சுமமான சத்துரு ஈரமே. இராக்குளிரில் பெட்டகத்தின் காற்று குளிருங்கால், அதிலுள்ள நீராவியின் அளவு மாறாதிருப்பினும் ஒப்பு ஈரப்பதம் உயர்ந்து, குழலின்மேல் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் படிய, பிராணவாயுவின் சகாயத்தால் இரும்பு துருவாக மாறுகிறது.

இதைத் தடுக்க அடித்தட்டில் பொருத்தும் சிறு மின் வெப்பத்தண்டு நீரை அகற்றுவதில்லை. காற்றைச் சற்றே சூடாக்கி, ஒப்பு ஈரப்பதத்தை 50 சதவிகிதத்தின் அருகே தாழ்த்துகிறது. மின்வசதி இல்லாதவிடத்து, சிலிக்கா ஜெல் மணிகள் நீராவியைத் தம் நுண்துளைகளில் பற்றிக்கொள்ளும்; நிறைந்தபின் அவற்றை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம்.