பாதி வழியில் நின்றுபோகும் வழக்குகள்

சில வருடங்களுக்கு முன் வேறொரு நிகழ்ச்சிக்காகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். படப்பிடிப்பு முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "தங்கச்சி, போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிட்டோம். அப்புறம் என்ன ஆச்சுன்னு யார்கிட்ட கேக்கறது?" என்றார். எந்தப் பிள்ளை, என்ன நடந்தது என்பதை நான் சொல்லக்கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிட 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடை விதிக்கிறது.

அந்த அம்மாவின் கேள்வி நாடு முழுவதற்கும் பொருந்தும். 2012 ஜனவரி முதல் 2016 ஜூலை வரை சிறார் பாலியல் கொடுமை பற்றிப் போலீசுக்கு வந்த புகார்கள் 12,987. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவை 2,189. தண்டனையில் முடிந்தவை வெறும் 140. மற்ற பிள்ளைகள் பொய்யா சொன்னார்கள்?

ரிச்சர்ட் ஹக்கள் என்ற பிரிட்டிஷ்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகி, பல வருடங்கள் பிள்ளைகளைச் சீரழித்தவர். 2014 இறுதியில் லண்டன் விமான நிலையத்தில் பிடிபட்டார். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை விதித்தது. கொடுமை நடந்தது இங்கே, தீர்ப்பு வந்தது அங்கே! அதன் பிறகுதான் 2017இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. புத்ராஜெயாவில் சிறப்பு நீதிமன்றமும் திறக்கப்பட்டது.

முன்பு, சத்தியப் பிரமாணம் எடுக்காமல் சிறு பிள்ளை சொன்ன சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. வேறு ஆதாரம் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் குற்றத்துக்கு எங்கிருந்து ஆதாரம் வரும்? பிள்ளையின் சாட்சியமே போதும் என்கிறது புதிய சட்டம். நல்ல மாற்றம்தான். ஆனால் வழக்கு நீதிமன்றம் வரை போனால்தானே அது உதவும்?

தோட்டத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேலை போனால் வீடும் போகும். குற்றவாளி பெரும்பாலும் அந்நியன் அல்ல. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் மண்டோர். "பொம்பளப் பிள்ள விஷயம், வெளிய போகக்கூடாது" என்று நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். அதையும் மீறிப் புகார் செய்தால், விசாரணைக்கு மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஒன்பது வயதில் நடந்ததைப் பன்னிரண்டு வயதில் கேட்டால் தேதி மாறும், நேரம் மாறும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் தாயே, "போதும்மா, வா வீட்டுக்குப் போவோம்" என்பாள். எனக்குத் தெரிந்து வழக்குகள் இந்த இடத்தில்தான் சாகின்றன.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை ஆரம்பத்திலேயே வீடியோவில் பதிவு செய்யலாம். அதைச் சாட்சியமாக ஏற்க 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சிச் சட்டம் இடம் தருகிறது. குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வந்தாக வேண்டும். ஆனாலும் குற்றவாளியின் முகத்தைப் பார்க்காமல், திரைக்குப் பின்னாலோ வேறு அறையிலிருந்து வீடியோ மூலமோ பேசலாம். புகார் செய்த அன்றே விசாரணை அதிகாரியிடம் இதைக் கேளுங்கள். புகாரின் நகலையும் அதிகாரியின் பெயரையும் வாங்கி வையுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம்.

பேசி முடித்து வைக்கும் பெரியவர்களுக்கும் ஒரு தகவல். இப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் ஐயாயிரம் ரிங்கிட் வரை.