முந்தி விற்பதா, முந்தி வாங்குவதா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த நம் பெரியோர், வீட்டை மாற்றிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிறந்த வீட்டிலேயே மூப்படைந்து கண் மூடுவது அவர்கள் கால வழக்கம் போலும். இன்றோ பிள்ளைக்கு உத்தியோகம் ஓர் ஊரில். பெண்ணைக் கொடுத்தது ஓர் ஊரில். பூர்விக வீடு இருப்பது வேறோர் ஊரில். ஆகவே ஒரு வீட்டை விற்று மற்றொன்று வாங்க வேண்டிய அவசியம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அடிக்கடி நேருகிறது. அப்பொழுது எழும் முதற் கேள்வி, எதை முந்திச் செய்வது என்பதே.

கும்பகோணத்து நண்பர் ஒருவர் சென்னைக்கு மாற்றலானார். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய தனி வீடு 80 லட்சம் ரூபாய்க்கு வந்தது. ஊரிலுள்ள வீடு 60 லட்சத்துக்குப் போகும் என்று தரகர் சொல்லியிருந்தார். கையிருப்பு 15 லட்சம். "ஸார், இதை வாங்கிவிட்டு நிதானமாக அதை விற்றுக்கொள்ளலாம் என்று உத்தேசம். அம்மா குடக்கூலி வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள்" என்றார் நண்பர்.

அந்த அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் மருமகளாய் அந்த வீட்டினுள் நுழைந்தவர். அவருடைய பிடிவாதத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் இத்தகைய கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு இது 7 லட்சத்து 20 ஆயிரம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்க ரிசர்வ் பாங்கியின் விதி இடந் தராது. முத்திரைச் செலவையும் அம்மதிப்பில் சேர்க்க முடியாது. ஆக, 64 லட்சம் கடன் வாங்கிக் கையிருப்பு முழுவதையும் போட்டாலும் இன்னும் 8 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அதற்கு மனைவியின் நகைகளை அடகு வைப்பதாக நண்பர் எண்ணியிருந்தார். நூற்றுக்கு எட்டரை வட்டி என்று வைத்துக்கொண்டால், 64 லட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டும் 45 ஆயிரத்துக்கு மேல். பழைய வீடு விற்கப் பத்து மாதம் ஆனால் வட்டியாகவே நாலரை லட்சம் போய்விடும். அத்துடன், இவருக்குப் பணமுடை என்று தெரிந்த மறு நிமிஷமே விலையைக் குறைக்காத வாங்குபவர் உலகத்தில் உண்டோ?

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். முந்தி விற்றால் இரு முறை சாமான் தூக்க வேண்டும். குடக்கூலி கொடுக்க வேண்டும். இதற்கிடையில் புது வீட்டின் விலை ஏறவும் கூடும். நண்பரின் பயம் நியாயமானதே. ஆனால் இந்த நஷ்டங்கள் முன்கூட்டியே ஓரளவு கணக்கிடக் கூடியவை. விற்ற பணம் பாங்கியில் ஈட்டும் வட்டி குடக்கூலிக்கும் ஓரளவு ஈடு கொடுக்கும். விற்காத வீட்டின் நஷ்டத்துக்கோ எல்லை இல்லை.

"பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டேன். காலஞ் சென்ற தகப்பனார் சுயமாய்ச் சம்பாதித்து வாங்கியது. அவர் உயில் எழுதி வைக்கவில்லை. நண்பருக்கு இரண்டு சகோதரிகள். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. ஆகவே 60 லட்சத்தில் நண்பருடைய பங்கு 15 லட்சமே. நால்வரும் கையெழுத்திடாமல் வீட்டை விற்கவும் இயலாது. நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. சகோதரிகளை வஞ்சிக்க நினைத்தவர் அல்லர். நம்மில் பலரைப் போல, அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

இருவருக்கும் கடிதம் எழுதினார். மூத்தவள் தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தாள். இளையவள், பெண்ணின் படிப்புக்குப் பணம் வேண்டியிருக்கிறது என்று கூசியபடியே பதில் எழுதினாள். அவளுக்குரிய 15 லட்சத்தைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. தாயாரின் பங்கையும் சேர்த்துக் குடும்பத்துக்கு மிஞ்சுவது 45 லட்சம். அவசரப்பட்டுத் தாம்பரத்து வீட்டை வாங்கியிருந்தால், 60 லட்சத்தை நம்பிய கடனை அந்த 45 லட்சம் எப்படித் தீர்த்திருக்கும்?

வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம் என்று மாதங்கள் சென்றன. பிறகு வாங்குபவர் கிடைத்தார். கிரய உடன்படிக்கையிலேயே ஆறு மாத அவகாசம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த அவகாசத்தில் 60 லட்சத்துக்குச் சிறிய வீடொன்றைப் பார்த்துப் பேசி முடித்தார் நண்பர். தீர்வையும் கட்டணமும் சேர்த்து 65 லட்சத்து 40 ஆயிரம். வாங்கிய கடன் ஐந்தரை லட்சத்துக்குள் அடங்கிற்று.

சட்டமும் அவகாசம் தருகிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்தை, விற்பதற்கு ஒரு வருஷத்துக்குள் முன்னதாகவோ, இரண்டு வருஷத்துக்குள் பின்னதாகவோ வேறு வீடு வாங்கச் செலவிட்டால், அல்லது மூன்று வருஷத்துக்குள் வீடு கட்டினால், அந்த அளவுக்கு வருமான வரி விலக்கு உண்டு. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்த இச்சலுகை 2025-இல் இயற்றிய புதுச் சட்டத்திலும் இருக்கிறது. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதிக்குள் செலவாகாத லாபத்தைப் பாங்கியில் மூலதன லாபக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

முந்தி வாங்குவது எப்பொழுதும் தவறு என்பதன்று. பழைய வீடு இரண்டு வருஷம் விற்காமற் கிடந்தாலும் தவணை கட்டக் கூடியவர் தாராளமாய் வாங்கலாம். மற்றவர் முதலில் பத்திரத்தைப் பார்க்கட்டும். பிறகு பங்காளிகளைக் கேட்கட்டும். கைக்கு வரும் தொகை நிச்சயமான பின் புது வீட்டு வாசற்படி ஏறட்டும்.

பிறர் தயவில் வாழாதிருப்பதே சுதந்திரம் என்று 1947-க்கு முன் இத்தேசத்தில் எத்தனையோ பேர் சிறை சென்று கற்பித்தார்கள். குடும்பத்துக்கும் அதுவே பாடம்.

புது வீட்டில் பத்திரம் பதிவாக ஒன்றரை மாதம் தாமதமாயிற்று. அந்த ஒன்றரை மாதமும் அந்த அம்மாள் குடக்கூலி வீட்டில்தான் இருந்தார். பார்க்கச் சென்றபோது, "சிரமமாயிருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன். "இருக்கிறது, தம்பி. ஆனால் சின்னவள் நேற்று வந்து இரண்டு நாள் தங்கிப் போனாள். அவள் பங்கைக் கொடுக்காமல் மாளிகை வாங்கியிருந்தால் வந்திருப்பாளா?" என்றார்.