கொதிக்கும் எஞ்சின்

விருதுநகர் மாவட்டம் மழைவளம் குறைந்த கரிசல் நிலம். சித்திரை, வைகாசித் திங்கள்களில் அங்குள்ள கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். நண்பகலில் தார்ச்சாலையின்மேல் கானல் ஓடும். உழவர்க்குத் துன்பம் தரும் இவ்வறட்சியே பிறிதொரு தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுவந்து, 1923-ஆம் ஆண்டில் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். ஈரமற்ற காற்றில் குச்சியும் மருந்தும் விரைந்து உலர்ந்தன. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே வேரூன்றித் தழைத்தன. இன்று தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்னரே, பட்டாசு ஏற்றிய லாரிகள் சிவகாசியிலிருந்து நாட்டின் நாற்றிசைக்கும் புறப்படுகின்றன. பட்டாசு உலர்வதற்கு உதவும் அவ்வெப்பம், அதனைச் சுமந்து செல்லும் ஊர்தியின் எஞ்சினுக்குப் பகையாகும்.

எஞ்சின் என்பது ஒருவகை அடுப்பே. அதன் சிலிண்டருள் டீசலோ பெட்ரோலோ எரியும்போது உண்டாகும் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் கடக்கும். அவ்வெப்பத்தின் ஆற்றலில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவான பகுதியே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதி எஞ்சினின் உடலிலேயே ஏறும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும் உலோகம். அத்தகைய அலுமினியத்தால் செய்த பிஸ்டன் அக்கடுந்தீயின் நடுவே உருகாமல் இயங்குவது எவ்வாறு? சிலிண்டரைச் சூழ்ந்து ஓடும் நீர் அவ்வெப்பத்தை இடைவிடாது வாங்கிச் சென்று, ரேடியேட்டர் எனப்படும் மெல்லிய குழாய்த் தொகுதியில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. எஞ்சின் நலமாக ஓடும்போது அந்நீரின் வெப்பம் 90 பாகை அளவில் நிற்கும்.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. ஜெர்மானியராகிய கார்ல் பென்சு அமைத்த முதல் ஊர்தியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்கு முன்னறிவிப்பின்றித் தம் மைந்தர் இருவருடன் அவ்வகை ஊர்தி ஒன்றில் ஏறி, மான்ஹைம் நகரிலிருந்து பார்ட்சைம் நகருக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்தார். ஆவியான நீரை ஈடுசெய்ய வழிநெடுக நீர் தேடி ஊற்றிக்கொண்டே அவர்கள் செல்ல நேர்ந்தது. உலகின் முதல் நெடுந்தொலை ஊர்திப் பயணம் எனப் போற்றப்படும் அது, ஒரு வகையில் தண்ணீர் தேடிய பயணமும் ஆகும். தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வில்ஹெல்ம் மைபாக் என்பார் உருவாக்கிய பின்னரே அத்தொல்லை பெரிதும் குறைந்தது.

ரேடியேட்டரின் மூடி எளிய பொருளாகத் தோன்றினும் அதன் பணி பெரிது. அது நீரை அழுத்தத்தில் அடக்கி வைக்கிறது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலையும் உயரும் என்பது இயற்பியல் பாடத்தில் கற்ற செய்தி. ஆதலின் 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர், மூடிக்குள் அதனினும் மிகுந்த வெப்பத்திலும் கொதியாமல் அடங்கி நிற்கும். சூடேறிய எஞ்சினின் மூடியை ஒருவர் திறப்பாராயின், அழுத்தம் நொடியில் நீங்கிவிடும். அடங்கி நின்ற நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகிச் சீறி எழும். முகமும் கைகளும் வெந்து துன்புற்ற ஓட்டுநர்கள் பலர். நீர் குறைந்ததா என்று பார்க்கும் நல்லெண்ணமே அவர்களுக்குத் தீங்காய் முடிந்தது.

எஞ்சின் சூடேறுவதற்குக் காரணங்கள் பல. குழாய் கசிவது, விசிறியின் வார் தளர்வது, நீரை ஓட்டும் பம்பு பழுதாவது ஆகியன எங்கும் நிகழ்வன. கரிசல் நாட்டில் வேறொன்றும் உண்டு. அங்குப் பல ஊர்களில் கிணற்று நீர் உப்பும் சுண்ணமும் கலந்த கடின நீர். அந்நீரையே ரேடியேட்டரில் ஊற்றிவரின், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற வெண்ணிறப் படிவு மெல்லிய குழாய்களுள் படிந்து அவற்றை அடைத்துவிடும். இதற்கெனக் கடைகளில் விற்கும் கூலண்ட் என்னும் நீர்மம் படிவையும் துருவையும் தடுப்பது. கொதிநிலையையும் சிறிது உயர்த்துவது. அதற்கு ஆகும் செலவை வீண் என்று கருதும் உரிமையாளர் பின்னர் எஞ்சினையே மாற்ற நேரிடும்.

ஏற்றமும் ஒரு காரணம். சிவகாசியிலிருந்து கேரளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரி, இராசபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டையைக் கடந்து, புளியரைக்கு மேல் ஆரியங்காவுக் கணவாயில் ஏறுகிறது. பாரம் மிகுதி, வேகமோ குறைவு. எஞ்சின் முழு ஆற்றலையும் செலவிட்டு உழைக்கும். எதிர்க்காற்றோ மிகக் குறைவாகவே ரேடியேட்டரில் வீசும். மாட்டுவண்டிக் காலத்தில், மாடு நுரை தள்ளியவுடன் வண்டிக்காரர் நுகத்தை இறக்கி இளைப்பாற விட்டார். இரும்பு மாடு நுரை தள்ளுவதில்லை. அதன் களைப்பை அறிவிப்பது ஓட்டுநரின் முன்னுள்ள வெப்பமானியின் முள் ஒன்றே.

அம்முள் செந்நிறப் பகுதியை அடைந்த பின்னும், 'இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே, சாத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டுவதே பெருந்தீங்கு. வெப்பம் ஏறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அலுமினியத் தலைப்பகுதி வளையும். அதனடியிலுள்ள காஸ்கெட் பிளக்கும். நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்கும். மசகு எண்ணெய் நீர்த்துப்போக, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். இத்தனையும் நிகழச் சில நிமிடங்கள் போதும். இங்கு ஒரு வஞ்சகம் உண்டு. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், வெப்பத்தை அளக்கும் கருவியைத் தொட நீர் இராது. ஆகவே எஞ்சின் கனன்றுகொண்டிருக்கையிலேயே முள் கீழே இறங்கக்கூடும். நோய் தணிந்தது என்று ஓட்டுநர் மகிழும் அந்நேரமே நோய் முற்றிய நேரம். எல்லை மீறினால் எஞ்சினின் ஆற்றலைத் தாமே குறைத்துக்கொள்ளும் புதிய ஊர்திகள் உள; சாலையில் ஓடும் பழைய லாரிகள் பலவற்றுக்கு அவ்வறிவு இல்லை.

ஓடும்போதே எஞ்சின் நின்றால் திசைதிருப்பும் சக்கரம் கனத்துவிடும். பிரேக்குக்கு எஞ்சின் அளித்த துணையும் நீங்கும். மதுரையையும் விருதுநகரையும் சாத்தூரையும் இணைக்கும் நான்குவழிச் சாலையில், இரவு வேளையில் நடுவழியில் நின்றுபோன லாரி, பின்னே விரைந்து வருவோர்க்குக் கண்ணுக்குத் தெரியாத சுவராகும்.

சரக்கு பட்டாசாயின் இடர் பன்மடங்காகும். கொதிநீர் பட்டாசைப் பற்றவைக்காது என்பது உண்மை. தீங்கு வேறு வழியில் வரும். சூடேறி வெடித்த குழாயினின்று சிதறும் எண்ணெயோ டீசலோ, பல நூறு பாகை வெப்பமுள்ள புகைக்குழாயின்மேல் விழலாம். டீசல் சுமார் 210 பாகையில் பொறியின்றித் தானே தீப்பற்றும். மருந்தில் கலந்துள்ள கந்தகமும் 232 பாகை அளவில் பற்றும். வெடிபொருள் கொண்டு செல்வதை 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும் கட்டுப்படுத்துவது காரணமின்றியன்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தபோது முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அயலூரார். அஃது ஆலையில் நேர்ந்ததே எனினும், புகையும் சரக்கு லாரியைச் சுற்றிக் கூட்டம் கூடினால் விளைவு யாதாகும் என்பதை அதனால் அறியலாம்.

ஆகவே முள் ஏறத் தொடங்கியவுடனே ஓட்டுநர் இடம் தேடத் தொடங்குகிறார். வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் விலகிய வெட்டவெளியாகவும், காய்ந்த புல்லும் பருத்திமாறும் இல்லாத தரையாகவும் அவ்விடம் இருத்தல் வேண்டும். சூடான புகைக்குழாய்க்குக் கீழுள்ள சருகு எளிதில் பற்றும். எஞ்சினை நிறுத்தி, பின்வருவோர்க்கு எச்சரிக்கை விளக்கு இட்டு, மக்களை விலக்கி, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அவர் காத்திருக்கிறார். குளிர்ந்த நீரை எஞ்சின்மேல் வாரி ஊற்றுவதில்லை. ஊற்றினால் காய்ந்த இரும்பு விரிசல் காணும். மூடியில் கைவைக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பின்னரே, தடித்த துணியால் அதனை மெல்லத் திருகி, ஆவி முற்றும் போகவிட்டு நீர் வார்க்கிறார். வார்த்த நீர் மீண்டும் குறைந்தால் கசிவு உண்டென்பது தெளிவு. பின் அவ்வண்டி பழுதுபார்ப்பவர் வரும்வரை அவ்விடத்தை விட்டு அசைவதில்லை. சரக்கை எதிர்நோக்கும் வணிகர் தொலைபேசியில் கடிந்துகொள்வார். சரக்கு ஒரு நாள் பிந்திச் சென்று சேரும்.