பார்த்தால் மாறிவிடுமா அணு?

ஐந்தாம் படிவ இயற்பியல் பாடநூலின் கடைசி அத்தியாயம் குவாண்டம் இயற்பியல். எஸ்பிஎம் எழுதும் நம் பிள்ளைகள் ஒளிமின் விளைவையும் ஃபோட்டானின் ஆற்றலையும் அதில் படிக்கிறார்கள். மேற்கொண்டு தெரிந்துகொள்ள இணையத்தைத் திறந்தால் “மனிதன் பார்ப்பதால்தான் அணு ஒரு நிலைக்கு வருகிறது” என்ற பேச்சு வந்து நிற்கும். அதில் பாதி உண்மை, பாதி கதை. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

கிள்ளான் சந்தையில் மீனைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ காட்டுகிறது. வைப்பதற்கு முன்பும் அது ஒரு கிலோதான். இருப்பதைத் தெரிந்துகொள்வதுதான் அளப்பது என்று நாம் பழகியிருக்கிறோம். குவாண்டம் உலகில் அந்தப் பழக்கம் செல்லாது. அங்கே அளப்பதே பொருளின் நிலையை மாற்றிவிடும்.

இதைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸ் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி இரண்டும், எல்சிடி கணினித் திரை ஒன்றும் போதும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு கண்ணாடியை அதன்முன் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அதை அசைக்காமல், இரண்டாவது கண்ணாடியைத் திரைக்கும் முதல் கண்ணாடிக்கும் நடுவே சாய்வாகச் செருகுங்கள். இருண்ட இடத்தில் வெளிச்சம் வரும். தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, ஒளியும் கூடியிருக்கிறது!

காரணம் இதுதான். திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. ஒளித்துகளான ஒவ்வொரு ஃபோட்டானும் கண்ணாடியை முழுதாகக் கடக்கும், இல்லையென்றால் முழுதாக உறிஞ்சப்படும். பாதி ஃபோட்டான் கடப்பது என்பது கிடையாது. நடுவே செருகிய கண்ணாடி 45 பாகை சாய்ந்திருந்தால் கடப்பதற்கான வாய்ப்பு சரிபாதி. கடந்துவிட்ட ஃபோட்டான் இனி அந்தச் சாய்வில்தான் அதிரும், பழைய திசை அதனிடம் இல்லை. ஆகவே திரையை இருட்டாக்கிய முதல் கண்ணாடியைக் கடக்கவும் அதற்குப் பாதி வாய்ப்புக் கிடைக்கிறது. ஒளியை வேறு வகையில் இழக்காத கண்ணாடிகளாக இருந்தால், திரையின் ஒளியில் 25 விழுக்காடு வெளியே வரும். 15 பாகை வீதம் திருப்பி ஆறு கண்ணாடிகளை வரிசையாக வைத்தால் சுமார் 66 விழுக்காடு வரும். ஒளியை வெறும் அலையாகக் கொண்டாலும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே விகிதம் வருவதை அலைக் கணக்கு மட்டும் வைத்து விளக்க முடியாது.

கண்ணாடி ஒவ்வொன்றும் ஃபோட்டானை அளக்கும் கருவிதான். இப்படி அடிக்கடி அளப்பதன் மூலம் நிலையை நாம் விரும்பிய பக்கம் திருப்பலாம் என்றால், அதே இடத்தில் நிறுத்தியும் வைக்கலாம் அல்லவா? தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்த இ.சி.ஜி. சுதர்சன் அதைத்தான் காட்டினார். கோட்டயம் அருகே பிறந்த அவர், 1977இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அணு தன் நிலையை விட்டு நகராது என்பது அதன் முடிவு. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணமும் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று கேட்ட கிரேக்க மெய்யியலாளர் ஸீனோவின் பெயரையே அந்த விளைவுக்கு வைத்தார்கள்.

கணக்கு எளிது. மிகக் குறுகிய நேரத்தில், அணு நிலை மாறும் வாய்ப்பு நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. ஒரு கால அளவில் அந்த வாய்ப்பு 4 விழுக்காடு என்றால், அதில் பாதி நேரத்தில் 1 விழுக்காடுதான். நடுவில் ஒருமுறை அளந்தால் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும். இரண்டு பாதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 2 விழுக்காடு. ஒரே ஓர் அளவீட்டில் வாய்ப்பு பாதியாகிவிட்டது.

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் வேய்ன் இட்டானோவும் டேவிட் வைன்லேண்டும் அவர்களது குழுவினரும் இதைச் சோதித்தார்கள். சுமார் 5,000 பெரிலியம் அயனிகளைப் பொறியில் பிடித்து, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்ற 256 மில்லிவிநாடி நேரம் ரேடியோ அலை செலுத்தினார்கள். நடுவில் அளக்காதபோது ஏறத்தாழ எல்லாமே மாறின. அந்த நேரத்துக்குள் லேசர் துடிப்பால் இரண்டு முறை அளந்தபோது பாதியளவு மாறின. 64 முறை அளந்தபோது அநேகமாக எதுவுமே மாறவில்லை.

அங்கே அளந்தது மனிதக் கண் அல்ல, லேசர் ஒளி. அறையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை அதேதான். அணுவின் நிலை எது என்ற தடயம் வெளியே ஓர் ஒளித்துகளில் பதிந்தாலே போதும். கதிரியக்கப் பொருளை நாள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் அதன் சிதைவு நிற்காது. வர்க்கக் கணக்கு செல்லுபடியாகும் நேரம் அதற்கு அவ்வளவு குறைவு.

அப்படியானால் அளக்கும்போது உள்ளபடி என்னதான் நடக்கிறது? இதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அளக்கும்போது பல வாய்ப்புகள் சரிந்து ஒன்றே மிஞ்சுகிறது என்பது பாடநூல்களில் வேரூன்றிய கருத்து. எதுவும் சரியவில்லை, எல்லா வாய்ப்புகளும் தனித்தனிக் கிளைகளாகத் தொடர்கின்றன என்றார் ஹியூ எவரெட், 1957இல். துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது என்றார் டேவிட் போம், 1952இல். போல்டர் சோதனையின் விடையை விளக்கச் சரிவு என்ற கருத்தே வேண்டியதில்லை என்று கனடாவின் லெஸ்லி பாலன்டைன் 1991இல் எழுதினார். ஆனால் சோதனையில் என்ன எண் வரும் என்பதில் இவர்களுக்குள் சண்டையே இல்லை.

ஆகவே நம் ஊரில் யாராவது “குவாண்டம் பதக்கம்” என்றோ, “எண்ணத்தால் உலகை மாற்றும் குவாண்டம் பயிற்சி” என்றோ விற்க வந்தால் சற்று நிதானியுங்கள். “குவாண்டம் பதக்கம்” உட்படச் சில பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக நெதர்லாந்து அரசின் அணுப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் எச்சரித்தது. குவாண்டம் அளவீட்டுக்கு மனமும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். எந்தக் கருவியால் அளந்தீர்கள், என்ன எண் வந்தது என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள்.