வெள்ளியங்கிரி யாத்திரையில் தேனீயும் குளவியும்

கொங்கு நாட்டின் மேற்றிசைக்கு வேலியென நிற்கும் வெள்ளியங்கிரி மலை, தென்கயிலாயம் என அன்பர்களாற் போற்றப்பெறுவது. அம்மலைத் தொடரில் ஊற்றெடுக்கும் நொய்யல், காஞ்சிமாநதி என்னும் பழம்பெயர் உடையது. பேரூரைக் கடந்து கிழக்கே ஓடிச் சூலூர்க் குளங்களுக்கும் நீர் தருவது. ஆதலின் சூலூர் மக்களுக்கு அம்மலை, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட அயலிடம் அன்று; தம் குளத்து நீருக்குத் தாய்வீடு. மாசி பிறந்ததும் சூலூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் அடியார்கள் குழுக்குழுவாகப் பூண்டி அடிவாரம் சேர்ந்து, மூங்கில் தடி ஊன்றி ஏழு மலை ஏறுகின்றனர்.

வனத்துறையினர் மலையேற இசைவளிப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரையிலான திங்கள்களில். யானை வரும், குளிர் வாட்டும், மூச்சு வாங்கும், வழுக்குப்பாறையில் கால் சறுக்கும் என்று சென்று வந்தோர் புதியவர்க்குச் சொல்வர். இவை யாவும் சொல்லத்தக்கனவே. ஆயினும் யானைக்கு அஞ்சி வழிபார்த்து நடக்கும் ஒருவர், தலைக்குமேற் பாறையில் தொங்கும் தேனடையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொட்டும் உயிர்கள், கடிக்கும் உயிர்கள் பற்றிய பேச்சு ‘கொசுவத்தி எடுத்துக்கொண்டாயா’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

பழந்தமிழர் இதிற் கவனம் மிக்கவர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என அப்பட்டியல் நீளும். மால்பு என்னும் மூங்கில் ஏணியின் வழியே குறவர் நெடுவரையில் தேன் கொள்ளும் செய்தியும் அந்நூலில் உண்டு. புகழ்பாடும் நூலே வழித்துணை நூலாகவும் அமைந்தது அக்காலப் புலவரின் பொறுப்புணர்ச்சி.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்குங்கால், எறும்பை மூவறிவுயிர் என்றும் தும்பியை நாலறிவுயிர் என்றும் வைத்தார். ஊறு, சுவை, நாற்றம் ஆகிய மூன்றும் எறும்புக்கு. அவற்றோடு காட்சியும் தும்பிக்கு. எறும்புக்கும் கண்ணுண்டு என்பர் இற்றை அறிவியலார். அது நிற்க. நாம் இங்குக் கொள்ளத்தக்கது யாதெனின், இவ்வுயிர்களின் உலகை ஆள்வது மோப்பம் என்பதே. நம்மை அவை கண்டு பகைப்பதினும், நம் மணத்தாலும் மூச்சாலும் புகையாலும் அதிர்வாலும் அறிந்து பகைப்பது மிகுதி. இதனை உணர்ந்தோர்க்கு மலைவழியில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது தானே விளங்கும்.

முதலில் மலைத்தேனீ. பெட்டியில் வளர்க்கும் சிறு தேனீயினும் இது உருவிற் பெரியது. பொந்துக்குள் ஒளியாமல், பாறையின் விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாக வெளிப்படத் தொங்கவிடும். ஊர்ப்புறங்களில் உயரமான தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் இதனைக் காணலாம். ஓர் அடை ஒரு மீட்டருக்கு மேல் அகன்றிருப்பதுண்டு. பல்லாயிரம் ஈக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அதனைப் போர்வைபோல மூடியிருக்கும். மலையிற் பூக்கள் மலியும் காலத்தில் இவை கூட்டமாக வந்து அடை கட்டும். பெரும்பாலும் அடியார்கள் மலையேறும் காலமும் அதுவே. கொட்டும்போது இவ்வீயின் முள் நம் தோலில் தைத்து நின்றுவிடும், ஈ இறந்துபடும். தன் உயிரை ஈந்து கூட்டைக் காக்கும் இவ்வுயிரைக் கொடியது எனல் பொருந்தாது. எனினும் ஒன்று கொட்டியவுடன் அங்கு எழும் ஒருவகை மணம், ஏனைய ஈக்களுக்குப் போர்முரசாகிவிடும். அம்மணம் வாழைப்பழ மணத்தை ஒத்தது. அதனாலேயே தேனீ வளர்ப்போர் சிலர், பெட்டியைத் திறக்குமுன் வாழைப்பழம் உண்பதில்லை.

இங்கே பத்தியோடு தொடர்புடைய ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வழியில் காணும் பாறைகளின் நிழலிலும் மரத்தடிகளிலும் சூடம் ஏற்றி ஊதுவத்தி கொளுத்தும் பழக்கம் அடியார் சிலரிடம் உள்ளது. அப்பாறையின் மேல்விளிம்பில் அடை இருப்பின், கீழிருந்து எழும் வெம்மையும் புகையும் நேரே அதனைச் சென்று தாக்கும். தேன் எடுப்போரும் புகையிடுகின்றனரே என வினவலாம். அவர்கள் பச்சிலை கட்டிப் பெரும்புகை எழுப்பி ஈக்களை அடையை விட்டு அகற்றுபவர்கள். அகன்ற ஈக்கள் எங்கே பாயும் என்பதை அறிந்து நிற்பவர்கள். சூடம் ஏற்றியவரோ கண்மூடிக் கைகூப்பி நிற்பார். அவருக்குப் பின்னே ஏறி வரும் முதியவரும் சிறுவரும் ஏதும் அறியாமல் அதில் அகப்படுவர். வறண்ட மூங்கிற் காட்டில் நெருப்பிடுவது வனச்சட்டப்படியும் குற்றம். சுவாமி சன்னிதியில் அர்ச்சகர் காட்டும் தீபம் ஒன்றே போதும். வழிப்பாறையில் ஏற்றும் சூடம் அதனினும் சிறந்ததாகிவிடாது.

ஒளியும் அவ்வாறே. சித்திரா பௌர்ணமி இரவில் ஆயிரக்கணக்கானோர் நிலவொளியில் ஏறுவர். மலைத்தேனீ நிலவு வெளிச்சத்திலும் இரை தேடிப் பறக்கும் இயல்பினது. இரவு ஆனமையால் அது உறங்கும் எனக் கருதுதல் பிழை. இருளில் கலைந்த ஈ ஒளியை நாடிப் பாயும். மலேசியக் காடுகளில் தேன் எடுப்போர் நிலவில்லா இரவில் தீப்பந்தத்தை மரத்தில் தட்டிப் பொறிகளைக் கீழே உதிர்ப்பர். ஈக்கள் அப்பொறிகளைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஆகவே டார்ச்சு விளக்கின் ஒளி எப்போதும் தரையில், காலடியில் விழுதல் வேண்டும். அடையின்மேல் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதும், கைபேசியின் மின்னல் விளக்கால் படம் பிடிப்பதும் விளையாட்டன்று.

அடையின்மேல் ஈக்கள் அலை அலையாக அசைந்து மினுமினுப்பதைக் கண்டால், அது எச்சரிக்கை என அறிக. குளவி முதலிய பகை அணுகும்போது அவை அவ்வாறு செய்யும். அங்கே நின்று வேடிக்கை பாராது, உரத்துப் பேசாது, கல்லெறியும் சிறுவரைத் தடுத்து, அமைதியாகக் கடந்து செல்க. இலங்கையின் சிகிரியாக் குன்றிலும் இவ்வினத் தேனீக்களின் அடைகள் உண்டு. அங்கே ஓசையின்றி ஏறுமாறு அறிவிப்புப் பலகைகள் வைத்திருக்கின்றனர். ஈக்கள் கலைந்தால் மக்கள் புகுந்துகொள்ள வலைக்கூடங்களும் அமைத்திருக்கின்றனர். சிகிரியாவில் காட்டும் அமைதியை நம் மலையிலும் காட்டுதல் அரிதன்று.

ஆடையிலும் மணத்திலும் ஒரு சொல். கருநிறத்தையும் மயிரையும் தேனீ பகையின் அடையாளமாகக் கொள்ளும். கரடி முதலிய தேனுண்ணும் விலங்குகளோடு கொண்ட பழம்பகை அதற்குக் காரணம் என்பர். வெள்ளை வேட்டியும் தலைமேல் வெள்ளைத் துண்டும் இவ்வகையில் மிக நன்று. வாசனைத் தைலம், மணமுள்ள பவுடர், நறுமண நீர் ஆகியவற்றை அன்றைக்கு விட்டுவிடலாம்.

அடை கலைந்துவிட்டால் செய்வது யாது? கைவீசி அடித்தல் கூடாது. நசுக்கிய ஈயினின்று எழும் மணம் மேலும் நூறு ஈக்களை அழைக்கும். துண்டால் முகத்தையும் தலையையும் மூடி, வந்த வழியே விரைந்து அகலவேண்டும். பாறைச்சரிவில் கண்மூடித்தனமாக ஓடினால் ஈக்குத் தப்பி வீழ்ச்சியில் அகப்பட நேரும். அகல இயலாதவர், குளிருக்கெனக் கொண்டுசென்ற போர்வையை உடல் முழுதும் மூடி, இடுக்கின்றி அமர்ந்திருப்பது ஓரளவு காக்கும். சுனைநீரில் மூழ்குவது பயனற்றது. தலை எடுக்கும் வரை அவை மேலே காத்துப் பறக்கும்.

இடர்ப்பகுதியைக் கடந்தபின் முதல் வேலை, தோலில் தைத்த முட்களை நீக்குவது. முள்ளோடு நஞ்சுப்பையும் தங்கி, விநாடிதோறும் நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டவேண்டும், கிள்ளி எடுக்கலாகாது என்று முன்னர்க் கூறிவந்தனர். 1996இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, எவ்வாறு எடுப்பது என்பதினும் எவ்வளவு விரைவில் எடுப்பது என்பதே இன்றியமையாதது எனக் காட்டியது. சுண்ணாம்பு தேடி நேரம் போக்காமல் முள்ளை எடுத்துவிட்டு, நீரால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தல் தகும். கைவிரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடவேண்டும்.

ஒரு கொட்டே உயிர்க்கு இறுதியாவதும் உண்டு. சிலர் உடல் அந்நஞ்சை ஏலாது. கொட்டிய இடத்துக்கு அப்பால் உடலெங்கும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்மல், மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாந்தி இவை சில நிமிடங்களிலேயே தோன்றும். வெள்ளியங்கிரி போன்ற ஏற்றத்தில் இதில் ஒரு மயக்கம் நேர்கிறது. மூச்சு வாங்குவது மலையேறிய களைப்பென்றே உடன் வருவோரும் எண்ணி, ‘சற்று உட்கார்ந்தால் சரியாகும்’ என்று இருந்துவிடுவர். கொட்டுப்பட்டவர்க்கு மூச்சுத் திணறினால் அது களைப்பன்று என முதலிலேயே கொள்க. அவரை நடக்கவிடலாகாது, படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவேண்டும், மூச்சு விட அரிதாயின் சாய்த்து அமர்த்தவேண்டும். இதற்குரிய மருந்து தொடையில் இடும் அட்ரினலின் ஊசி ஒன்றே. 108 ஊர்தி மலைமேல் ஏறாது. டோலியிற் கிடத்தித்தான் கீழே கொணரவேண்டும். எனவே அடிவாரத்துக்கு உடனே செய்தி அனுப்புதல் பெரிதும் முதன்மையானது. முன்னொருமுறை கொட்டுப்பட்டு இவ்வாறு துன்புற்றவர், மருத்துவரைக் கலந்து அவ்வூசியைக் கையோடு கொள்ளாமல் மலையேறுதல் ஆகாது.

பத்து இருபது என்னும் எண்ணைத் தாண்டிக் கொட்டுப்பட்டவர், நலமாக இருப்பதாகத் தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். மிகுந்த நஞ்சு தசையையும் குருதி அணுக்களையும் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கருத்துக் குறைதல் அதன் குறி.

குளவியின் இயல்பு வேறு. அதன் முள் தைத்து நில்லாது. ஒன்றே பன்முறை கொட்டும். கடந்தை என்றும் கதண்டு என்றும் ஊருக்கு ஊர் வழங்கும் பெருங்குளவி, மரப்பொந்திலும் புதரிலும் கூடு வைக்கும். மூங்கில் தடியால் புதரைத் தட்டிக்கொண்டும் பொந்தைக் குத்திக்கொண்டும் நடக்கும் இளைஞர்க்கு இதனைச் சொல்லவேண்டும். தடி ஊன்றுதற்கே. இனிப்புப் பானப் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பாராமற் குடிப்பதும் தீது. வாயினுள் கொட்டினால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும்.

பழந்தமிழில் முயிறு எனப்பட்ட செவ்வெறும்பு, இலைகளைப் பின்னி மரத்தில் கூடு கட்டும். கடித்த இடத்தில் புளிப்பமிலம் பீச்சும், எரியும், அவ்வளவே. கோடைமழை பெய்தபின் ஈரச் சருகில் அட்டை தோன்றும். அது பூச்சியன்று, வலியின்றிக் குருதி உறிஞ்சும். பிய்த்து எடுக்காமல், வாய்ப்பக்கத்தில் நகத்தை நுழைத்து நகர்த்தினால் விட்டுவிடும். உறையாமை செய்யும் பொருளை அது கடிவாயில் விடுவதால் குருதி நெடுநேரம் கசியும். அதற்கு அஞ்சவேண்டா, துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

உண்ணி அவ்வாறு எளிதாகக் கருதத்தக்கதன்று. கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டக் காட்டில் 1957இல் அறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியாற் பரவுவது. 2012இல் அது பந்திப்பூர்க் காடுவரை வந்தமை கண்டறியப்பட்டது. செத்த குரங்கைக் கண்டால் அணுகாது, வனத்துறையினர்க்குத் தெரிவிக்கவேண்டும். தமிழகத்தில் இதனினும் மிகுதியாகக் காணப்படுவது ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்னும் காய்ச்சல். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணியின் குஞ்சு, புல்லிலும் புதரிலும் இருந்து தோலிற் பற்றிக் கடிப்பதால் இது வரும். புல்தரையிலும் சருகின்மேலும் வெறும் உடம்போடு படுத்துறங்கும் அடியார்கள் இதனை எண்ணவேண்டும். விரிப்பிட்டுப் படுத்து, வீடு சேர்ந்ததும் உடுத்தவற்றை வெந்நீரில் துவைத்து, தேய்த்துக் குளித்தல் நன்று. பெரிய உண்ணி ஒட்டியிருப்பின் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுக்கவேண்டும். எண்ணெய் விடுவதும் நெருப்பால் சுடுவதும் கூடா.

இக்காய்ச்சல் கடித்தவுடன் வராது. ஏறத்தாழப் பத்து நாள் கழித்தே தோன்றும். அதற்குள் யாத்திரை மறந்துபோயிருக்கும். கடும் தலைவலியும் காய்ச்சலும் கண்டவர், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை விழுங்கி நாளைக் கடத்துவர். உரிய காலத்தில் கண்டால் டாக்சிசைக்ளின் என்னும் எளிய மருந்தால் தீரும் நோய், தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் பற்றி உயிரைக் கொள்ளும். கடித்த இடத்தில் சிகரெட்டாற் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று பலர்க்கு இருக்கும். அது அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருப்பதால் நோயாளியே அறியார். ‘இம்மாதம் வெள்ளியங்கிரி சென்று வந்தேன், காட்டில் படுத்திருந்தேன்’ என்று சொன்னால், மருத்துவர் அங்கெல்லாம் தேடிப் பார்ப்பார்.